முப்பத்தேழாவது கடவம்

கிளீட்டஸ்: ரெண்டே ரெண்டு இலை மைனி. அதுக்குப் போயி இப்பிடி மொறைச்சா...

செசிலி: ஒனக்கு எதுக்குலே ரம்பை இலை? பெண்டாட்டி இருக்காளா, பிள்ளை இருக்கா? ஒத்தைக் கட்டை. கருவாட்டைச் சுட்டுக் கஞ்சி குடிக்கதுக்கு மணம் கேக்கோ?

கிளீட்டஸ்: கொழும்புல தின்னு பழகுன நாக்குலா மைனி...

செசிலி: கொழும்புல இருந்து எப்பம் வந்த?

கிளீட்டஸ்: முந்தாநாளு தூத்துக்குடியில கப்பல் இறங்கி... நேத்து கொட்டாரம்...

செசிலி: கொட்டாரத்துக்கும் இங்கைக்கும் மூணு மைலு. அதுக்கு ஒரு ராத்திரி ஆச்சோ?

கிளீட்டஸ்: மேலுக்குச் சொகமில்ல.

செசிலி: யாருக்கு?

கிளீட்டஸ்: எனக்குத்தான். வேற யாருக்கு?

செசிலி: ம்... சரி. இலை பொறவு. மொதல்ல இங்கின வா. ரெண்டரை வருசத்துக்கு முன்ன ஒரு சாக்குக் கெட்டுல மூணு குச்சி கொண்டுவந்தியே, ஓர்மை இருக்கா?

கிளீட்டஸ்: இருக்கு, இருக்கு.

செசிலி: குச்சியைக் குடுத்துட்டு, கொழும்புல இருக்க எனக்க மாப்பிளை சொல்லிவிட்டதா ஒண்ணு சொன்னியே. அதைச் சொல்லு.

கிளீட்டஸ்: அது எதுக்கு மைனி இப்பம்...

செசிலி: சொல்லுலே. ஒனக்க வாயால ஒருக்கா கேக்கணும்.

கிளீட்டஸ்: "இது வேரு பிடிச்சு மூணு குட்டி போடட்டும், அண்ணைக்கே நான் ஊருக்கு வந்துருவேன்"ணு... மரியான் அண்ணன் சொன்னாரு.

செசிலி: அதான். இப்பம் வீட்டுக்குப் பொறத்தால வா. வந்து எண்ணு.

கிளீட்டஸ்: எங்கின... எம்மா! என்ன மைனி இது, தாழங்காடா?

செசிலி: தாழைண்ணு சொன்ன வாயில மண்ணு. முள்ளு இருக்கா பாரு. தடவிப் பாரு.

கிளீட்டஸ்: இல்ல. வழுவழுண்ணு இருக்கு... நில்லுங்க, நில்லுங்க. இது எதுல நிக்கு? இது அண்ணனுக்க வள்ளம்லா!

செசிலி: ஆமா. மூக்கு உடைஞ்ச வள்ளம். ஆறு வருசமா மணல்ல கமந்து கெடந்துது. அதுக்கு அடியில நாய்தான் குட்டி போட்டுது. இப்பம் ரம்பை குட்டி போடுது.

கிளீட்டஸ்: வள்ளத்துல மண்ணையா ரொப்புனிய? கடல்ல ஓடுன வள்ளத்துல? அண்ணன் கண்டா...

செசிலி: காணட்டும்லா! வந்து காணட்டும். அதைத்தானே நானும் கேக்கேன். எண்ணு நீ.

கிளீட்டஸ்: ஒண்ணு... ரெண்டு... மூணு... இந்தப் பொடிசும் குட்டிதானா?

செசிலி: விரல் நீளம் வந்தாலே குட்டிதான். பெத்தவளுக்குத் தெரியும். எண்ணு.

கிளீட்டஸ்: பன்னெண்டு... பதிமூணு... பதினாலு.

செசிலி: பதினஞ்சு. அந்தா, துணி கெட்டுன கம்புக்கு அடியில ஒண்ணு எட்டிப் பாக்கு.

கிளீட்டஸ்: ஆமா... இந்தத் துணி என்ன மைனி? எங்கயோ கண்ட மாதிரி...

செசிலி: தொடாதே! அது தாய்ச்செடிக்க முட்டு. கையை எடு.

கிளீட்டஸ்: எடுத்தாச்சு, எடுத்தாச்சு. பாம்பைத் தொட்ட மாதிரி கத்துதிய...

செசிலி: மூணு கேட்டான். பதினஞ்சு நிக்கு. பிடுங்கி நாலு பேருக்குக் குடுத்தது வேற. மூணாவது குட்டி வந்த அண்ணைக்கே உபதேசியாருகிட்டப் போயி காயிதம் எழுதிப் போட்டேன். "மூணு ஆச்சு, வா"ண்ணு. அவ்வளவுதான் எழுதச் சொன்னேன். பதினெட்டு மாசம் ஆச்சு. அவன் எங்க?

கிளீட்டஸ்: ... மைனி, நாக்கு வறளுது. குடிக்கதுக்கு ஒரு செம்பு வெள்ளம்...

செசிலி: பானையில இருக்கு. மோந்து குடி. குடிச்சுட்டுப் பதில் சொல்லு.

கிளீட்டஸ்: வாற வழியில எல்லாரும் ஒங்களுக்க செடியைப் பத்தித்தான் பேசுதாவ. நம்ம உப்பு மணல்ல இதை எப்பிடிப் பிழைக்க வச்சிய?

செசிலி: பேச்சை மாத்துத.

கிளீட்டஸ்: மாத்தல மைனி. சத்தியமா கேக்கேன். கொழும்புக்காரன்கூட மூக்குல விரலை வைப்பான்.

செசிலி: வைக்கட்டும். மொதக் குச்சியைக் கொண்ணது நான்தான், கேட்டியா? பாக்க தாழைக்கத் தங்கச்சி மாதிரிலா இருந்துது. தாழை உப்புக் காத்துல ஒய்யாரமா நிக்கு, இதும் நிக்கும்ணு கடலைப் பாக்க வெட்டவெளியில நட்டேன். ஒம்பதே நாளு. நுனி கருகி, இலை வெளுத்து, மீன் முள்ளு மாதிரி ஆயிப்போச்சு.

கிளீட்டஸ்: அய்யோ.

செசிலி: ரெண்டாவதைத் தென்னைக்குப் பக்கத்துல வச்சேன். நாம தென்னைக்கு என்ன ஊத்துவோம்? மீன் கழுவுன வெள்ளம். அதையே இதுக்கும் ஊத்துனேன். அதுவும் கருவாட்டுத் தொட்டி கழுவுனது. கொழுத்து வளரும்ணு நெனைச்சேன். வேரு அவிஞ்சு நாறிப்போச்சு. வலைக்காரன் மவளுக்கு வேற என்ன தெரியும்? எல்லாத்துக்கும் உப்புதான் மருந்து நமக்கு.

கிளீட்டஸ்: நிழலு வேணும், நல்ல வெள்ளம் வேணும், உப்பு ஆவாதுண்ணு சொல்லத்தான் சொல்லிவிட்டாவ. நான்தான் மறந்துபோயி...

செசிலி: யாரு சொல்லிவிட்டா?

கிளீட்டஸ்: ஆங்?

செசிலி: மரியானா? முருங்கைக்கும் அகத்திக்கும் வித்தியாசம் தெரியாது அவனுக்கு. அவனா சொன்னான், நிழலு வேணும்ணு?

கிளீட்டஸ்: இல்ல... அங்க அக்கம்பக்கத்துல உள்ளவங்க... யாரோ...

செசிலி: ம்.

கிளீட்டஸ்: மூணாவது குச்சியை என்ன செய்திய?

செசிலி: நடல. அடி இலையெல்லாம் உரிச்சு, உடைஞ்ச பானையில நல்ல வெள்ளம் ஊத்தி, அதுல நிப்பாட்டி வச்சேன். அடுக்களைக்குள்ள, வெயிலு படாத மூலையில. ஒண்ணுவிட்டு ஒருநாளு வெள்ளம் மாத்துவேன். பதினேழாம் நாளு பாத்தா, அடியில நூலு நூலா வெள்ளை வேரு. இடியாப்பம் பிழிஞ்சு விட்ட மாதிரி. நான் கத்துன கத்துல வியாகுலம் அக்கா, வீட்டுல யாரோ செத்துட்டாவண்ணு ஓடி வந்தா.

கிளீட்டஸ்: ஹஹ்ஹா...

செசிலி: சிரிக்காதே. வேரு வந்துட்டு. இனி மண்ணு? இங்க மண்ணு எங்க இருக்கு? தோண்டுனா கிளிஞ்சலு. கொட்டாரத்துல தாணம்மாள் வீட்டுக்கு மீன் குடுப்பேன்லா, வயலு உள்ள வீடு. "மீனு வச்சுக்க, ஒனக்க வரப்பு மண்ணு ஒரு கடவம் தா"ண்ணு கேட்டேன். அவ சிரிச்சுட்டே அள்ளிக்கிடச் சொன்னா. போகும்போ தலையில மீன் கடவப் பெட்டி, வரும்போ அதே கடவத்துல மண்ணு. காஞ்ச சாணமும் மக்குன தேங்காக் கதம்பைத் தூளும் சேத்துப் பிசைஞ்சு வள்ளத்துல போட்டேன். அதுக்கு முன்ன வள்ளத்தை ஒரு ஐப்பசி மழை முழுக்க நனைய விட்டேன், உப்பு இறங்கதுக்கு.

கிளீட்டஸ்: ஒரு கடவம் மண்ணா இது? வள்ளம் ரொம்பி நிக்கு!

செசிலி: முப்பத்தாறு கடவம். மூணு மைலு. செருப்பு இல்லாம. கழுத்து இண்ணைக்கும் சரியாத் திரும்பாது.

கிளீட்டஸ்: முப்பத்தாறா...

செசிலி: கடலு பக்கம் ஓலை முடைஞ்சு மறைப்பு கெட்டுனேன். அரிசி கழுவுன வெள்ளம் எல்லாம் இதுக்குத்தான். எனக்குக் கஞ்சிக்கு வெள்ளம் கொறைஞ்சாலும் இதுக்குக் கொறையல. அந்தா அந்தப் பக்கம் நிக்கது என்ன, சொல்லு.

கிளீட்டஸ்: கறிவேப்பிலைலா? இதும் கொழும்பா?

செசிலி: இது தாணம்மாள் வீட்டு மரத்துப் பழம். கன்னு கேட்டேன், தரமாட்டேண்ணுட்டா. கறிவேப்பிலைக் கன்னைக் குடுத்தா வீட்டுல உள்ள ஐஸ்வரியம் கூடவே போயிருமாம். பழத்தைப் பெறக்கிக்கண்ணா. நானும் பெறக்கிட்டு வந்து நெத்திலியோட சேத்துப் பரத்திக் காயப் போட்டேன். நாலு வெயிலு.

கிளீட்டஸ்: கறிவேப்பிலைக் கருவாடு!

செசிலி: வித்துண்ணா காயணும்லா, அப்பிடித்தான் நெனைச்சேன். ஒண்ணுகூட மொளைக்கல. நெத்திலி மணம்தான் வந்துது. தாணம்மாள் வயித்தைப் பிடிச்சுட்டுச் சிரிச்சா. "ஏட்டி, கறிவேப்பிலைக்கு வெயிலு காட்டப்பிடாது. கறுத்துப் பழுத்த அண்ணைக்கே தோலை உரிச்சு, ஈரத்தோட நட்டுரணும். காக்கா தின்னு போட்டது மொளைக்கில்லா, அதைப் பாத்தாவது படிக்கப்பிடாதா"ண்ணா. அடுத்த வருசம் அப்பிடியே செய்தேன். இருவதுல பதினொண்ணு வந்துது. இப்பம் சொல்லு. கிளிஞ்சலுல ஒருத்தி இத்தனையும் நிப்பாட்டியிருக்கா. இதைப் பாக்கதுக்கு அவன் எப்பம் வாறான்?

கிளீட்டஸ்: வருவாரு மைனி...

செசிலி: எப்பம்?

கிளீட்டஸ்: வருவாரு... அதாவது...

வியாகுலம்மாள்: ஏட்டி செசிலி! உள்ள இருக்கியா? ரெண்டு ரம்பை இலை தாட்டி. மருமவன் வந்திருக்கான், கோழி அடிச்சிருக்கு.

செசிலி: வாங்க அக்கா. வேலிக்கு அந்தப் பக்கம் நிண்ணு என்னத்துக்குக் கேக்கிய, உள்ள வாங்க. இலையை எப்பிடிக் கேக்கணும்ணு சொல்லிக்குடுத்திருக்கேன்லா?

வியாகுலம்மாள்: எல்லா நாளும் சொல்லணுமா? மருமவன் காத்திருக்கான்டி.

செசிலி: சொன்னாத்தான் இலை.

வியாகுலம்மாள்: சரி, சரி... "மீனை வித்து மண்ணை வாங்கிட்டு வாறா, புத்தி பேதலிச்சவ"ண்ணு சொன்னது நான்தான். "தாழையை நட்டுத் தண்ணி ஊத்துதா"ண்ணு கோயில்ல வச்சுச் சிரிச்சதும் நான்தான். போதுமா? இலையைத் தா.

செசிலி: இந்தாங்க அக்கா. மூணாவே எடுத்துக்கிடுங்க. முடிச்சுப் போட்டு கறி கொதிக்கும்போ போடுங்க. பச்சையில மோந்து பாத்துட்டு மணம் இல்லண்ணு சொல்லப்பிடாது, சூடு கண்டாத்தான் அது வாயைத் திறக்கும்.

வியாகுலம்மாள்: எனக்கே படிப்பிக்கா பாரு. ஏலே, இது யாரு? கிளீட்டஸா! கொழும்புல இருந்து வந்தியா? இவ பீத்தலைக் கேட்டுட்டு நிக்கியா? கேட்டுக்க. கோட்டாத்துல கல்யாணச் சோறு ஆக்குத பண்டாரி இருக்காருல்லா, பெரிய கை, அவரே வண்டி கெட்டி இவளுக்க வாசலுக்கு வந்தாரு இலைக்கு. கண்ணால கண்டேன்.

செசிலி: ரெண்டு தடவை வந்தாரு.

வியாகுலம்மாள்: ரெண்டு தடவை! இவளுக்க மவ பிரகாசி கல்யாணத்துக்கு இதைப் போட்டுச் சோறு ஆக்குனா. மாப்பிளை வீட்டு ஆளுவ மணக்குடியில இருந்து வந்தவனுவ, சோத்தைத் திங்காம இலையைத் தேடுனானுவ.

செசிலி: பெத்த தகப்பன் மணந்து பாக்கல அந்தச் சோத்தை. எனக்க தம்பி ததேயுஸ்தான் பிள்ளையைக் கைபிடிச்சுக் குடுத்தான்.

வியாகுலம்மாள்: அந்தப் பேச்சை விடுட்டி... அதெல்லாம் இருக்கட்டும், இவளுக்கு ஒரு காரியம் மட்டும் தெரியாதுலே கிளீட்டஸ். நீ கொண்டுவந்த கெட்டை இவ அவிழ்த்த லெச்சணம் இருக்கே! நல்ல சாக்கு. அரிவாளை எடுத்து நடுவுல குத்திக் கிழிச்சா. நான் பக்கத்துலதான் நிண்ணேன். "ஏட்டி, வலைக்காரன் மவளுக்கு ஒரு முடிச்சு அவிழ்க்கத் தெரியாதா"ண்ணு கேட்டேன். வாயே திறக்கல.

செசிலி: கோழி கருகிரும் அக்கா.

வியாகுலம்மாள்: போறேன், போறேன். ஆ... சொல்ல வந்ததை மறந்துட்டேன். விடியக்காலம் கொட்டாரத்துக்கு மீன் கொண்டு போனேன்லா. சத்திரத்துக்கு முன்ன ஒருத்தன் உக்காந்திருந்தான். தலையில துண்டைப் போட்டு மொகத்தை மறைச்சு. மடியில ஒரு பெண்பிள்ளை, மூணு வயசு இருக்கும். என்னைக் கண்டதும் எந்திரிச்சு உள்ள போனான். அந்த நடை இருக்கே... வள்ளத்துல நிக்கவன் மாதிரி காலை அகட்டி... அசல் மரியானுக்க நடை!

கிளீட்டஸ்: எக்கா, கொட்டாரத்துல ஆயிரம் பேரு நடப்பான்...

வியாகுலம்மாள்: நடப்பான். நான் சாயலைச் சொன்னேன். பிள்ளை சிணுங்கிட்டே இருந்துது, பாவம். ஒனக்கு என்னலே இப்பிடி வேக்குது?

கிளீட்டஸ்: வெயிலு.

வியாகுலம்மாள்: ஓலை நிழல்ல நிண்ணுட்டு வெயிலாம்! நான் போறேன்டி. கோழி, கோழி...

செசிலி: ... போயிட்டாளா?

கிளீட்டஸ்: போயாச்சு.

செசிலி: அந்தச் செம்பைக் கீழ வை. எத்தனை நேரம் வெறும் செம்பைக் குடிப்ப?

கிளீட்டஸ்: மைனி... ஒரு சங்கதி...

செசிலி: சொல்லு. வந்ததுல இருந்து தொண்டையில முள்ளு சிக்குன மாதிரித்தான் முழிக்க.

கிளீட்டஸ்: வியாகுலம் அக்கா கண்டது... அண்ணன்தான்.

செசிலி: கேட்டுட்டுதான் இருக்கேன்.

கிளீட்டஸ்: துறைமுகத்துல சோலி இல்ல. பாதிப் பேரை நிப்பாட்டிட்டானுவ. என்னையும்தான். ரெண்டு பேருமா வந்தோம். சத்திரத்துல இருக்காரு. ஊருக்குள்ள வாறதுக்கு...

செசிலி: காலு இல்லியோ?

கிளீட்டஸ்: மொகம் இல்ல மைனி.

செசிலி: மடியில இருந்த பிள்ளை?

கிளீட்டஸ்: ... அவருக்க பிள்ளைதான்.

செசிலி: தாயி?

கிளீட்டஸ்: நீர்கொழும்புக்காரி. நம்ம வேதக்காரிதான். மீன் காயப்போடுத சோலி. போன மார்கழியில ஊரையே அள்ளிட்டுப் போன காய்ச்சல்... அதுல அவளும் போயிட்டா.

செசிலி: பேரு?

கிளீட்டஸ்: பிலோமி. மூணு வயசு. பாதி சிங்களம், பாதி தமிழு...

செசிலி: பிள்ளை பேரைக் கேக்கல. அவ பேரு.

கிளீட்டஸ்: ... இசபெல்.

செசிலி: இசபெல்... அவளும் கருவாடுதானா. ம்.

கிளீட்டஸ்: மைனி, என்னை ஏசுங்க. அண்ணனை ஏசுங்க. இப்பிடி மெதுவாப் பேசாதிய, பயமா இருக்கு.

செசிலி: அந்த இலை?

கிளீட்டஸ்: எனக்கு இல்ல. பிள்ளைக்கு. கப்பல் ஏறுன நாள்ல இருந்து சோத்தைத் தொடல. கருப்பட்டி வெள்ளத்துலதான் உசிரு நிக்கு. சோத்தை வாய்க்கிட்டக் கொண்டுபோனா மோந்து பாக்குது, மொகத்தைத் திருப்புது. அவ அம்மை எந்நாளும் உலையில ரம்பை போட்டுத்தான் ஆக்குவா. அந்த மணம் இல்லண்ணா அதுக்குச் சோறுண்ணே தெரியல. அண்ணன் ராத்திரி முழுக்க மடியில போட்டுட்டு இருந்தாரு. "செசிலிக்க வீட்டுல நிண்ணாலும் நிக்கும், ரெண்டு இலை வாங்கிட்டு வா. எனக்குண்ணு சொல்லாதே"ண்ணு...

செசிலி: நிண்ணாலும் நிக்கும்... அப்பம் நிக்காதுண்ணுதான் நெனைச்சிருக்கான். காயிதம் வந்துதா, இல்லியா?

கிளீட்டஸ்: வந்துது. நான்தான் வாசிச்சுக் காட்டுனேன். நம்பல. "மூணு குட்டியாவது மண்ணாவது, ஆளைக் கூட்டதுக்குப் பொய் சொல்லுதா"ண்ணாரு.

செசிலி: "மூணு குட்டி போடட்டும் வாறேன்"ணு சொன்னது, வாறதுக்குச் சொன்னதா, வராம இருக்கதுக்குச் சொன்னதா? உள்ளதைச் சொல்லு.

கிளீட்டஸ்: ... சிரிச்சுட்டேதான் சொன்னாரு. நம்ம மணல்ல அது நிக்காதுண்ணு அவருக்குத் தெரியும்.

செசிலி: எனக்கும் தெரியும். அதாக்கும் நிப்பாட்டுனேன்.

கிளீட்டஸ்: மைனி, நாலு இலை தாங்க. நான் ஓடிருதேன். மீதியை நீங்க பைய யோசிச்சு...

செசிலி: இலை தரமாட்டேன்.

கிளீட்டஸ்: மைனி! அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்துது? ஒங்களுக்கு இவ்வளவு கல்நெஞ்சா...

செசிலி: சத்திரத்து அடுப்புல ஆக்கதுக்கா நான் வளத்தேன்? இங்கின வந்து தின்னட்டும். உலை வைக்கேன் இப்பம்.

கிளீட்டஸ்: வந்து... இங்கயா? ஊரு பாக்க?

செசிலி: சோறுண்ணு சொல்லத் தெரியும்லா அதுக்கு?

கிளீட்டஸ்: தெரியும்.

செசிலி: அது போதும். நீ தூக்கிட்டு மொதல்ல வா. பிள்ளைக்க வயிறு பெரியவனுவ வழக்குக்குக் காத்திருக்காது.

கிளீட்டஸ்: அப்பம் அண்ணன்?

செசிலி: அவனுக்கு வேற சோலி இருக்கு. தாணம்மாள் வீட்டுக்குப் போவச் சொல்லு. நான் அனுப்புனேண்ணு சொன்னா கடவம் தருவா. வரப்பு மண்ணு ஒரு கடவம் அள்ளட்டும், வழிய வழிய. தலையில வச்சு நடக்கட்டும்.

கிளீட்டஸ்: அண்ணனா! மீன் கடவத்தையா? அது பொம்பளைய சுமக்கதுலா மைனி. நம்ம ஊருல எந்த ஆம்பளை கடவத்தைத் தலையில வச்சிருக்கான்? ஊரு கைகொட்டிச் சிரிக்கும்.

செசிலி: சிரிக்கட்டும். முப்பத்தாறு தடவை என்னைப் பாத்துச் சிரிச்ச ஊருதானே. நல்லாப் பழகுன சிரிப்பு. முப்பத்தேழாவதுக்கு அவன் கேக்கட்டும்.

கிளீட்டஸ்: உடைமரக் காட்டு வழியா வந்தா ஆளு காணமாட்டாவ...

செசிலி: வட்டக்கோட்டை ரோட்டுல ஏறி, கோயிலுக்கு முன்ன வழியாத்தான் வரணும். வியாகுலம் வாசல்ல நிண்ணு ஒருக்கா இறக்கி ஏத்தணும். அவளுக்க மருமவனும் காணட்டும். காட்டு வழியா வந்தாம்ணா இந்தப் படியில கால் வைக்கப்பிடாது. இதைச் சொல்லிரு.

கிளீட்டஸ்: சொல்லுதேன். சுமப்பாரு மைனி... சுமப்பாருண்ணுதான் நெனைக்கேன்.

செசிலி: சுமந்தா சோறு உண்டு. வேற ஒண்ணும் இப்பம் கேக்கப்பிடாது. எனக்க வள்ளத்துல மண்ணு ரொப்பிட்டியேண்ணும் கேக்கப்பிடாது. பாயி வெளியத்தான். அந்தக் கடவம் மண்ணு புதுக் குட்டியளுக்கு. பதினஞ்சையும் பிரிச்சு நடணும், வள்ளத்துல எடம் காணாது.

கிளீட்டஸ்: சரி மைனி... போறேன்... மைனி...

செசிலி: இன்னும் என்னலே?

கிளீட்டஸ்: நீங்க நெஞ்சுல அடிச்சு அழுவிய, என்னைத் துடைப்பத்தால அடிப்பியண்ணு நெனைச்சுட்டுதான் வந்தேன். ஒரு சொட்டுக் கண்ணீரு இல்ல. ஒங்களுக்கு முன்னமே தெரியுமோ? ரெண்டரை வருசமா இந்த ஒரு காரியத்தை நான் யாருகிட்டயும் மூச்சு விடல. பின்ன யாரு சொன்னா?

செசிலி: நீதான் கொண்டுவந்து குடுத்த. அந்தா, தொடாதேண்ணு சொன்னேம்லா, அந்தத் துணி. ஒனக்க சாக்கைச் சுத்தி அதைத்தான் கெட்டியிருந்துது. வலைக்காரன் போட்ட முடிச்சுண்ணா வாலைப் பிடிச்சு ஒரு இழுப்பு இழுத்தா அவிழ்ந்துரும். அது அப்பிடி இல்ல. ரெண்டு சுத்து சுத்தி, நுனியை உள்ள சொருகி... பிள்ளைக்க விரலு மாட்டிரப்பிடாதுண்ணு தொட்டிலுக்குப் போடுத முடிச்சு. துணியில பால் வாடைகூடப் போகல. நானும் ஒண்ணு பெத்தவதானே. அழுகை எல்லாம் அந்த மொதக் குச்சியோட கருகிப் போச்சு. அண்ணைக்கு முடிச்சைத் தொடாம சாக்கைக் கிழிச்சது எதுக்குண்ணு கேட்டா... ஒருநாளு அவன் வருவான், இதை அப்பிடியே அவனுக்க மூஞ்சியில விட்டெறியணும், அதுக்குத்தான். ரெண்டரை வருசம் அவிழாமக் காத்து வச்சிருந்தேன். இனி எறிய முடியாது. அவ கையால போட்டதுல பிலோமிக்கு மிச்சம் அந்த ஒரு முடிச்சுதான் இருக்கு.